மாடியிலிருந்து வந்த உன் குரல்

இரும்புலியூர், தாம்பரம்
மார்ச் மாதம், லெந்து தவக்காலம்

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு அப்பா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஜெர்சனும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலை ஜெபத்தில் நாங்கள் முதலில் கேட்பது. போனில்தான் வாரம் தவறாமல் பேசுகிறோமே, அப்பா எதற்கு இப்போது கடிதம் எழுதுகிறார் என்று கவரைப் பிரிக்கும்போதே நினைப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த வலது முட்டி நன்றாக இருக்கிறது, இடது முட்டிதான் படி ஏற விடமாட்டேன் என்கிறது, அதை இந்த வெயில் காலம் கழிந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் நான் பேசும் லட்சணம் உனக்கே தெரியும், குளிர் எவ்வளவு என்று கேட்பேன், நீ மைனஸில் ஏதோ ஒரு நம்பர் சொல்வாய், அடேயப்பா என்பேன், அம்மாகிட்ட கொடுக்கிறேன் என்று போனைக் கொடுத்துவிடுவேன். காலேஜ் ஆபீஸில் அத்தனை வருஷம் கடிதம் டைப் அடித்தவன்தான், ஆனால் எல்லாமே 'பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தின்படி' என்று தொடங்குகிற கடிதங்கள். மகளுக்கு எப்படி எழுதுவது என்று பொங்கலுக்குப் பிறகுதான் கொஞ்சம் பிடிபட்டது, அதையும் நீதான் கற்றுக்கொடுத்தாய், உனக்குத் தெரியாமலே. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படி.

மாடி போர்ஷனுக்குப் புதுக் குடும்பம் வந்திருப்பதாக அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். பெண்ணின் பேர் ஜீவிதா, கணவன் ஜெரோம், ஒரே மகள் கிறிஸ்டி, ஒன்பது வயது. ஜெரோமுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, நைட் ஷிப்டு முடிந்தால் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்து இறங்குவான். இந்தக் கிறிஸ்டி பள்ளிக்கூடம் போவதில்லை. முதலில் எங்களுக்கு அது விளங்கவில்லை, உடம்புக்கு ஏதோ போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டு கஞ்சி வைத்துக்கூடக் கொடுத்தனுப்பினாள். பிறகு ஜீவிதாவே சொன்னாள். பிள்ளைக்கு எழுதக் கொஞ்சம் நேரமாகும், போர்டில் இருப்பதை இவள் பாதி எழுதுவதற்குள் அழித்துவிடுவார்களாம். ஒருநாள் அந்த ஸ்கூல் மிஸ் இவள் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, கோழிக் கிறுக்கல் பாத்திருக்கீங்களா, இதோ பாருங்க என்று சொல்ல, எல்லாப் பிள்ளைகளும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பென்சிலைக் கையில் கொடுத்தால் விரலை உள்ளே மடக்கிக்கொள்கிறது. காலையில் யூனிபார்மைப் பார்த்தாலே வாந்தி. ஜீவிதா பேங்க் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். கணக்கு, அறிவியல் எல்லாம் வாயாலேயே சொல்கிறது, எழுத்துதான் வரவில்லை. ஜெரோமுக்கு இதில் முழு மனது இல்லை, ஆனால் ஜூன் வரைக்கும் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தான். 'எழுதினா எழுதட்டும், இல்லாங்காட்டி ஜூன்ல வேற ஸ்கூல்ல போட்டுடலாம் சார், நம்மால ஆவாது' என்று என்னிடமே சொன்னான்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு காலை, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்கப் படியேறிக்கொண்டிருந்தேன். மாடி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து நீ பேசினாய். 'அழகா சொல்ல வேணாம், தெரியறத சொன்னா போதும், நான் காத்துக்கிட்டு இருக்கேன்' என்றாய். நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஹெப்சி, நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலை பிளைட்டில் வந்து, அம்மாவை அதிர வைக்கக் கூடாது என்று மாடியில் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று, ஒரு புத்தியுள்ள மனுஷன் நினைக்கக் கூடியதா அது, ஆனாலும் அதைத்தான் நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தால் மேஜையில் ஒரு லேப்டாப், அதில் நீ. முடியைத் தோள் வரை வெட்டியிருந்தாய். உனக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது. ஜீவிதா பதறிப்போய் எழுந்து, 'சார், என்ன சார், தலை சுத்துதா, உக்காருங்க' என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இது என் பொண்ணு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன், இது எங்க ஹெப்சிபாம்மா என்று. கிறிஸ்டி என்னையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'ஹெப்சி அக்காவோட அப்பா நம்ம கீழ் வீட்லயா இருக்காரு' என்று அவள் அம்மாவைக் கேட்டாள்.

வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்துகிற பெற்றோர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள், அதில் யாரோ உன் பாடத்தைச் சொல்லியிருக்கிறார்கள், நீ முன்பே பேசிப் பதிவு செய்து வைத்த வீடியோவைப் பார்த்துப் பிள்ளைகள் தமிழில் எழுதப் பழகலாம், அவசரப்படுத்தாது என்று. பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஏதோ பாடம் எடுக்கிறேன் அப்பா என்று நீ ஒருமுறை போனில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்தவளாயிற்றே, கம்ப்யூட்டர் பாடமாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, நல்லது என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நம்பவில்லை. நம்பின பிறகு, என்ன சட்டை போட்டிருந்தா என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காதில் கம்மல் இருந்ததா என்றாள், அதுவும் தெரியவில்லை. இளைத்திருக்கிறாளா என்றாள். முப்பது படி ஏறிப் பெத்த பொண்ண பாத்துட்டு வந்து ஒண்ணும் தெரியலங்கறீங்களே என்று என்னைத் திட்டிவிட்டு, கீரையை அப்படியே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போய் ஒரு படியில் காலை வைத்துப் பார்த்தாள். முடியவில்லை. மறுநாள் நான் நோட்டமிடுகிறவன் போலப் போய் உட்கார்ந்து, பச்சை ஸ்வெட்டர், கம்மல் இல்லை, கன்னம் ஒட்டித்தான் இருக்கிறது, தண்ணீர் குடிக்கும் டம்ளர் நீலம் என்றெல்லாம் மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தேன். இப்படிச் சில நாள் போனது. ஒருநாள் நான் ஒப்பிப்பதை வாசலில் நின்று கேட்டுவிட்ட ஜீவிதா, அடுத்த நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கீழேயே வந்துவிட்டாள். 'ஆன்ட்டி, இனிமே கிளாஸ் உங்க டைனிங் டேபிள்லதான்' என்றாள். அன்றிலிருந்து காலை டிபன் ஆனதும் மேஜையைத் துடைத்து அம்மா தயாராக உட்கார்ந்துவிடுகிறாள். நீ பேச ஆரம்பித்தால் அவளும் உன்னோடு பேசுகிறாள். தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வையேன் என்கிறாள், அந்த ஜன்னலை ஒட்டி உக்காராதேம்மா குளிர் அடிக்கும் என்கிறாள். ஆன்ட்டி, அக்கா பேசறாங்க என்று கிறிஸ்டி அதட்டினால் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொள்வாள்.

உன்னிடம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் அன்றைக்கே போன் போட எடுத்தேன். அம்மாதான் தடுத்தாள். நாம பாக்கறோம்னு தெரிஞ்சா நமக்காகச் சிரிக்க ஆரம்பிச்சிடுவா, போன்ல சிரிக்கற மாதிரி, வேணாம் என்றாள். வாரா வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே பேசுவதைக் கேட்டு, பரவாயில்லை, நன்றாக இருக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா நம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உன் பாடத்தைத் தொடங்குவது எங்களுக்கு எல்லாம் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் எழுதவே வேண்டாம், பார், பார்த்ததைச் சொல் என்கிறாய். பெற்றோருக்கு என்று நீ கொடுத்திருக்கும் தாளை ஜீவிதா பிரிண்ட் எடுத்து எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். பிள்ளை சொல்வதை அப்படியே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள், பிரமாதம் என்றும் சொல்லாதீர்கள், கேட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறாய். முதல் நாள் கிறிஸ்டி ஜன்னல் பக்கம் நின்று, 'எதிர் வீட்டு மாடில ஒரு நைட்டி காயுது, ஒரே கிளிப்புல தொங்குது, காத்து வந்தா இன்னொரு கையால டாட்டா காட்டுது' என்று சொன்னாள். எனக்கானால் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஜீவிதாவுக்கு வேறு கஷ்டம், என்ன கலர் நைட்டின்னு சொல்லு, யாரோட நைட்டின்னு சொல்லு என்று வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. ஆன்ட்டி, திருத்தாம இருக்க முடியல, கை அரிக்குது என்று அம்மாவிடம் சொல்லுவாள். கேட்டேன் என்று சொல்வதற்குள் அவளுக்கு முகம் வியர்த்துவிடும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. சில வாரம் கழித்துக் கிறிஸ்டி படம் வரைந்து அதன் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுத ஆரம்பித்தாள், தானாகவே. மரம் என்பதற்கு வல்லின ற போட்டிருந்தாள். நான் பேனாவை எடுத்துவிட்டேன். அவள் தாளைக் கையால் மூடிக்கொண்டு, 'அங்கிள், இப்ப திருத்தக் கூடாதுன்னு அக்கா சொல்லிருக்காங்க' என்றாள். பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிக்கொண்டேன்.

இது நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஒருநாள் ஜெரோம் நைட் ஷிப்டு முடிந்து வந்தவன் எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். கிறிஸ்டி ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், நீ திரையில் பேசாமல் காத்துக்கொண்டிருந்தாய். 'இன்னா சார் இது, எழுதற கிளாஸுன்னாங்க, ஜன்னலாண்ட நின்னுகினு கீது' என்றான். ஜீவிதா ஏதோ சொல்ல வந்தாள். அவன் அவளைப் பார்த்து, 'மாசம் ஒண்ணு ஆச்சு ஜீவி, ஒரு லைன் எழுதல. எங்கம்மா டெய்லி போன் பண்ணி, புள்ளைய வூட்ல வச்சுகினு இன்னா பண்றீங்கன்னு கேக்குது, நா இன்னான்னு சொல்றது' என்றான். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகச் சொன்னான், அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. கிறிஸ்டி ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. அம்மாதான், சாப்பிட்டுட்டு தூங்குப்பா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு என்று சொல்லி அவனை மேலே அனுப்பி வைத்தாள். மறுநாள் ஜீவிதா லேப்டாப் இல்லாமல் வந்தாள். வண்டலூர் தாண்டி ஒரு ஸ்கூலுக்குப் போன் செய்து அட்மிஷன் பற்றிக் கேட்டுவிட்டேன் என்றாள். எனக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது, அவர்கள் பிள்ளை. ஆனால் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அட்மிஷன் நடக்கும்போது நடக்கட்டும், அதுவரைக்கும் கிளாஸ நிறுத்தாதேம்மா என்றாள். பிள்ளைக்காகத்தான் சொன்னாள், ஆனால் பிள்ளைக்காக மட்டும் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும், ஜீவிதாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் மேலே போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள்.

அதற்கடுத்த வாரம்தான் அந்தப் பாடம் வந்தது, கடிதம் எழுதுகிற பாடம். உனக்கு அது எந்தப் பாடம் என்று தெரிந்திருக்கும். தூரத்தில் இருக்கிறவருக்கு எழுதுங்கள் என்றாய். உங்களை நினைக்கிறேன், பிரிந்து வாடுகிறேன் என்றெல்லாம் எழுத வேண்டாம், நீங்கள் இருக்கிற இடத்தில் இப்போது என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது போதும் என்றாய். பிறகு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'தூரம்னா எவ்ளோ தூரம்னு கேக்காதீங்க. பக்கத்து ரூமா இருந்தாலும் சரி. உங்க லெட்டரை படிக்கவே முடியாதவங்களா இருந்தாலும் சரி. நான் அப்படி ஒருத்தங்களுக்கு எழுதிக்கிட்டுதான் இருக்கேன்' என்றாய். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தாய். கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாய், அந்த இடத்தை நீ வெட்டி எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. பிறகு, சரி, பென்சில் எடுங்க என்றாய். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஒன்றும் கழுவக் கிடக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜீவிதா என்னைப் பார்த்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது, நான் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில்தான் கிறிஸ்டி, 'எங்கப்பா மேல தூங்கறாரு, அது தூரமா' என்று என்னைக் கேட்டாள். எனக்கு அக்கா சொன்ன பதில்தான் தெரியும், சரிதான் என்றேன். அவள் பென்சிலை எடுத்தாள். வெகுநேரம் எழுதினாள். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகத்தான் இருந்தன, பிழைகளும் இருந்தன, பிழைகளை நீக்கி உனக்குத் தருகிறேன், மற்றபடி எல்லாம் அவளுடையது.

'அப்பா, நீங்க தூங்கறீங்க. பேன் சத்தம் போடுது. நான் காலை மெதுவா வச்சு நடக்கறேன். அம்மா குக்கர் வைக்கல, விசில் வந்தா நீங்க எழுந்துடுவீங்க. உங்க ஒரு கால்ல சாக்ஸ் இருக்கு, இன்னொரு கால்ல இல்ல. கழட்டலாம்னு வந்தேன். கழட்டல. நீங்க எழுந்தா கம்பெனிக்குப் போயிடுவீங்க.'

ஜீவிதா கேட்டேன் என்று மட்டும் சொன்னாள். பிள்ளையே தாளை மடித்து மேலே எடுத்துப் போய் அவன் செல்போனுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தது. மாலை அவன் கம்பெனிக்குக் கிளம்புகிற நேரம், பை தோளில், தாள் கையில், எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றான். 'சார், நா ஒத்த கால்ல சாக்ஸோட தூங்கறேனாம் சார்' என்றான். உட்காரச் சொன்னேன். 'எனக்கே தெரியாது சார்' என்று சொல்லி உட்கார்ந்தான். இன்னும் ஒருமுறை அந்தத் தாளைப் படித்தான். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள், அதை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வீடியோவை நானும் பார்க்கலாமா என்று கேட்டான். ஜீவிதா போட்டுக் காட்டினாள். கம்பெனி பஸ் போய்விடும் என்று நான் சொல்லச் சொல்ல முழுவதும் பார்த்தான். 'யாரு பெத்த புள்ளையோ, எங்க வூட்ட எட்டிப் பாத்தா மாதிரி பேசுது' என்றவன், நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'மன்னிச்சுக்குங்க சார், உங்க பொண்ணுல்ல' என்றான். அட்மிஷன் பேச்சை அவன்தான் முதலில் எடுத்தான், அந்த ஸ்கூலுக்குப் போன் பண்ணி இப்ப வேணாம்னு சொல்லிடு ஜீவி, ஜூன் வரும்போது வரட்டும் என்று வாசல் படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனான். போன வாரம் அவன் லீவு நாளில் பிள்ளையை வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான், ஒரு மிருகத்தை மட்டும் நின்று பாருங்கள் என்ற உன் பாடத்துக்காக. நீர்யானை முன்னாலேயே மதியம் வரை நிற்க வைத்துவிட்டாள், கால் கடுக்குது சார், அது ஒரே ஒரு தடவ காத அசைச்சுது, அதுக்கு இவ ஒரு பக்கம் எழுதிட்டா என்று அலுத்துக்கொண்டு சொன்னான். அலுப்பு மாதிரித் தெரியவில்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். கடிதப் பாடம் நடந்த அன்று மாலை நானும் அம்மாவும் முன் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தோம். ஹெப்சி அவ பாப்பாவுக்குத்தான் எழுதறா என்று அம்மா சொன்னாள். உன் பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜனவரியில் மாதம் முடியாமல் அவள் பிறந்து, விடிவதற்குள் கர்த்தரிடத்தில் போய்விட்டாள் என்று ஜெர்சன் போனில் சொன்னபோது, எங்கள் விசா இன்னும் வந்திருக்கவில்லை. வந்தபோது, இப்ப வேணாம் அப்பா, குளிர் ஜாஸ்தி, அம்மாவுக்கு முட்டி தாங்காது என்றாய். குளிருக்காகச் சொல்லவில்லை என்று தெரிந்தும் நாங்கள் வற்புறுத்தவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்றிருந்தோம், அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்றிருந்தோம். நீ ஏன் வரவில்லை என்றும் அம்மா சொன்னாள். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்பார்கள், அவளால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியும் என்றாள். எனக்கு அது தோன்றியதே இல்லை ஹெப்சி. டிக்கெட் விலை, லீவு கிடைக்காது என்று நீ சொன்னதையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இதை எழுதுகிறேன். நீ வா. சர்ச்சுக்கு வர வேண்டாம், யார் வீட்டுக்கும் போக வேண்டாம், நீ வந்திருப்பது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், தெரிந்து யாராவது வந்தால் வாசலிலேயே நான் பேசி அனுப்பிவிடுகிறேன், அதற்கு எனக்குத் தைரியம் உண்டு, ஆபீஸில் பெரிய பெரிய ஆட்களையே அப்படி அனுப்பியிருக்கிறேன். நீ சும்மா வந்து உன் அறையில் தூங்கு. பகலெல்லாம் தூங்கினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, குழாய் ஒழுகினது சரி செய்தாகிவிட்டது, எதிர்ப்பக்கம் புது பிளாட் கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டார்கள், அது ஒன்றுதான் குறை. நேற்று முன்தினம் ஏர்போர்ஸ் விமானம் தாழப் பறந்தபோது அம்மா வழக்கம்போல் தலைக்குமேல் கையை வைத்துக்கொண்டாள். நீ சொல்லிக்கொடுத்தபடி இங்கே என்ன நடக்கிறதோ அதைத்தான் எழுதுகிறேன், உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று எழுதக் கூடாது என்றாய், அதை எழுதாமல் இருக்கத்தான் பார்க்கிறேன், எங்கேயாவது தெரிந்தால் மன்னித்துக்கொள். ஜெர்சனுக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும், கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. இப்போது வர முடியாது என்றாலும் சரி, முடியாது என்றே சொல், லீவு என்று சொல்ல வேண்டாம். போனில் அழ வந்தால் அழு, சிரிக்க வேண்டாம். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட மாட்டேன்.

சின்னச் சின்ன விஷயங்கள். கடைசியாகப் பார்த்த ரெண்டு வீடியோவிலும் இருமுகிறாய், டாக்டரிடம் காட்டினாயா என்று அம்மா கேட்கிறாள். பச்சை ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டிருக்கிறாய், அதற்கும் அவளிடம் ஏதோ யோசனை இருக்கிறது, ஊசி நூல் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். சாப்பாட்டில் வெந்தயக் கீரையாவது வாரம் ஒருமுறை சேர்த்துக்கொள். ஜீவிதாவிடம் உன் நம்பரை நான் கொடுக்கவில்லை, உன் சம்மதம் இல்லாமல் கொடுப்பது முறையில்லை. கிறிஸ்டி மட்டும் அக்காவிடம் ஒன்று சொல்லச் சொன்னாள், 'நீங்க வெயிட் பண்றேன்னு சொன்னா நிஜமாவே வெயிட் பண்றீங்க' என்று. அவளுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருக்கிறது.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கக்கடவர், தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப் பண்ணக்கடவர். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், அவர் உன்னைத் தாங்கிக்கொண்டிருப்பதை நாங்கள் அறியாமல் இல்லை, அதையும் அவரிடம் சொல்.

முக்கியமாக ஒன்று, இதை மறக்காமல் எழுது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து ஜெபம் செய்து பிள்ளைக்குப் பேர் வைத்தார் என்று ஜெர்சன் போனில் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது, பேர் என் காதில் விழவில்லை. உன்னை அழவைக்கக் கூடாதென்று பிறகு கேட்கவும் இல்லை. அம்மா தினமும் காலை ஜெபத்தில் எல்லோரையும் பேர் சொல்லி ஒப்புக்கொடுக்கிறாள், எங்கள் பேத்தி என்று வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்தக் குழந்தை என்கிறாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று இருக்கிறது. எழுதி அனுப்பு.

என்றும் உன் நினைவாக,
அப்பா லாசரஸ்
அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா தபீதாள்